கோரிக்கை மனு: எங்கள் மலையில் இரண்டாவது கல் குவாரிக்கு அனுமதி கொடுக்க வேண்டாம்

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்.

ஊடாக: பிரதேச செயலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மலையின் மேற்குப் பக்கத்தில் புதிதாகக் கேட்டிருக்கும் ஆழக் குவாரியை நிறுத்துவதும், எங்கள் கிணறுகளைக் காப்பாற்றித் தருவதும்

மலையடிக் குடியிருப்பு மக்களாகிய நாங்கள் பணிவுடன் அறியத் தருவது. இந்த விடயமாக முன்னரும் மனுக்கள் தந்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய பிரதிகள் எங்களிடம் உண்டு, பதில்தான் இல்லை. நடமாடும் சேவைக்காகத் தாங்கள் எங்கள் பாடசாலைக்கு வந்த அன்று நேரிலும் சொன்னோம். "பார்க்கிறேன்" என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பி இருந்தோம். இப்போது மேற்குப் பக்கப் பாறையில் சிவப்பு மையால் எல்லைக் குறி போட்டிருக்கிறார்கள். 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கப் போவதாக அளக்க வந்த பிள்ளைகளே சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால்தான் மறுபடி எழுதுகிறோம்.

1. எங்கள் ஊர் தாங்கள் அறியாததல்ல. பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பி, குளக்கட்டைத் தாண்டி, வைரவர் கோயில் முடக்கில் வலப்பக்கம். இதை மலை என்று சொன்னால் நுவரெலியாவைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்களில் பாதிப் பேருடைய தாய் தகப்பன் 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு அந்தத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உடுத்த துணியோடு இங்கே வந்தவர்கள்தான். அவர்களும் இதை மலை என்றுதான் சொன்னார்கள். இந்த மலையின் முதுகில் விழும் மழை ஒரு பக்கம் குளத்துக்கும் மறுபக்கம் எங்கள் வளவுகளுக்கும் இறங்குகிறது. "கற்பாறையைத் தவிர அவ்விடத்தில் எதுவும் இல்லை" என்று குவாரிக்காரர் எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி. எங்கள் தண்ணீரும் அந்த "எதுவும் இல்லை"க்குள்தான் வருகிறது போலிருக்கிறது.

2. தண்ணீர். ஐயா, மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது வாசியுங்கள்.

எங்கள் வன்னியில் கிணறு வெட்டிய எவருக்கும் தெரியும்: மேலே சிவப்பு மண், அதற்குக் கீழே கையால் உதிரும் உக்கல் கல், அதற்கும் கீழே கடும் பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் சேர்ந்து நிற்பதுபோல இங்கே நிற்பதில்லை. அந்த உக்கல் கல்லிலும் பாறையின் வெடிப்புகளிலும் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுதான் எங்கள் தண்ணீர். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வதை வைத்துக்கொண்டு புரட்டாதி வரை தாக்குப்பிடிக்க வேண்டும். முன்னரெல்லாம் தாக்குப்பிடித்தோம். மீள்குடியேறி வந்த காலத்தில் கூரைத் தகரம் கிடைக்கு முன்னமே நாங்கள் செய்த முதல் வேலை தூர்ந்து கிடந்த கிணறுகளை இறைத்ததுதான். பொதுக்கிணறு அந்த வருடக் கடும் கோடையிலும் வற்றவில்லை.

இப்போதிருக்கும் குவாரிக் குழி எங்கள் கிணறுகளின் அடியைவிடக் கீழே போய்விட்டது. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தானே போகும்? குழிக்குள் ஊறி வருவதை ஒவ்வொரு நாள் விடியவும் பெரிய பம் போட்டு இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். அது எங்கிருந்து ஊறிய தண்ணீர் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அங்கே பம் சத்தம் கேட்கும் நேரத்தில் இங்கே எங்கள் பெண்கள் கயிற்றுக்கு இன்னொரு கயிறு முடிந்து வாளியை இறக்குகிறார்கள். வாளியின் அடித்தட்டு பாறையில் உரசுகிற சத்தம்தான் மேலே வருகிறது. வாளியைச் சரித்துச் சரித்துக் கிடக்கிற தண்ணீரை ஒரு பக்கம் ஒதுக்கி அள்ள வேண்டும். இரவு முழுக்க ஊறியதை விடியுமுன் அள்ளாவிட்டால் அன்றைக்கு இல்லை. ஆகவே மூன்று மணிக்கே குடங்கள் வரிசையாகிவிடும்.

வெடி வைத்த நாளில் அதுவும் உதவாது. தண்ணீர் சாம்பலாய்க் கலங்கி வரும். குடத்தில் வைத்தால் விடியும்போது அடியில் கல் மா ஒரு விரற்கடைக்குப் படிந்திருக்கும். பழைய சேலைத் துண்டை நாலாய் மடித்து வடிக்கிறோம். அப்படி வடித்துச் சமைத்த சோறும் பல்லில் நறநறவென்கிறது.

தண்ணீர் பவுசர் வண்டி வருகிறதே என்று சொல்வீர்கள். வருகிறது. செவ்வாய் வரும் என்றால் வியாழன் வரும், வந்தால் வீட்டுக்கு இரண்டு கான். மாடு குடிக்க வேண்டாமா? மூத்த பெண்பிள்ளை உள்ள வீடுகளில் அவள் காலைப் பாடசாலைக்குப் பிந்தித்தான் போகிறாள். இந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுத வேண்டிய பிள்ளை ஒன்று முதல் பாடத்துக்கு ஒருநாளும் இருப்பதில்லை என்று ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு ஏசினார். ஏச்சு வாங்கவேண்டியவர்கள் நாங்களா? போன கோடையில் பிள்ளைப்பெற்று ஆஸ்பத்திரியால் வந்த ஒரு தாய்க்குக் குளிக்கத் தண்ணீர் சேர்க்க, அக்கம்பக்கத்து வீடுகள் தங்கள் குடிதண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தன. எண்ணெய் வைத்துச் சுடுதண்ணீர் வார்க்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை, "போதும் அம்மா, மிச்சத்தை அவர்களிடமே குடுத்து விடுங்கோ" என்று அழுதாள். இதை மனுவில் எழுதக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். வேறு எங்கே எழுதுவது?

3. குழாய்க்கிணறு அடித்துத் தரலாம் என்று ஒரு யோசனை முன்பு சொல்லப்பட்டது. சரி, நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பாறைக்கு ஆழத்தில் எடுக்கும் தண்ணீரில் புளோரைட்டு கூட. பிள்ளைகளின் முன்பல்லில் உள்ள மஞ்சள் கறையைப் பாருங்கள், தெரியும். வவுனியாவும் அதைச் சுற்றியுள்ள இடங்களும் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் உள்ள பகுதிகள் என்பது தங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிளினிக்கில் எங்களுக்குச் சொல்லும் புத்தி, கடும் தண்ணீர் குடிக்காதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதுதான். நிறைய என்றால் எதை? கடையில் கானில் விற்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்புத் தண்ணீரை வாங்கிக் குடிக்கக் கூலிவேலைக்காரனால் முடியுமா? இருந்த மேல் கிணற்றுத் தண்ணீர்தான் எங்கள் நல்ல தண்ணீர். அதைப் பறிகொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கெட்ட தண்ணீரைக் கேட்டு வாங்கச் சொல்கிறீர்களா?

4. குளம். குவாரியிலிருந்து இறைக்கும் வெள்ளைத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குளத்தில்தான் விழுகிறது. குளத்து நீரைத் திறந்துவிடும் துரிசு வாயில் கல் மா இறுகிவிட்டது, கமக்காரர் அமைப்பு மண்வெட்டியால் கொத்தித்தான் திறந்தார்கள். கோடைச் சிறுபோக நெல்லை விட்டுவிட்டோம். மாரிக் காலபோகமும் மலையில் விழும் மழை ஒழுங்காக வந்தால்தான். மலையே போன பிறகு?

5. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளின் சுவர்களில் வெடிப்பு. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடுகிறது. படங்கள் இணைத்திருக்கிறோம். வெடிக்கு முன் சங்கு ஊத வேண்டும், சில நாட்களில் ஊதுவதே இல்லை. 2009க்கு முன் யுத்த காலத்தில் இந்த மண்ணில் நாங்கள் கேட்ட சத்தங்கள் தங்களுக்கும் தெரியும். வயது போனவர்கள் இன்னமும் அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போகிறார்கள். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

6. டிப்பர், தூசி, வீதி. கல் எங்கள் மலையிலிருந்து போய் எங்கெங்கோ காப்பெற் வீதியாகிறது. எங்கள் வீதி இன்னும் கிரவல்.

7. சட்டம் எங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊர்ப் பட்டதாரிப் பிள்ளை ஒன்று வாசித்துச் சொன்னதை எழுதுகிறோம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூன் 24இல் வந்த 772/22 இலக்க வர்த்தமானியில், 25 மீற்றருக்கு மேல் ஆழமாகத் தோண்டும் சுரங்கமும், குடியிருப்பிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இயந்திரம் கொண்டு கல் எடுக்கும் குவாரியும் சுற்றாடல் அறிக்கை பெறவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. இங்கே குறி போட்ட விளிம்பிலிருந்து முதல் வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. ஆழம் 30 மீற்றர் என்கிறார்கள். ஆக இரண்டு வகையிலும் அது அந்தப் பட்டியலுக்குள் வரவேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 வேலைநாள் கருத்துச் சொல்ல விட வேண்டும். எங்கள் கிராம அலுவலர் அலுவலகப் பலகையிலோ, பாடசாலையிலோ, கோயில் மதிலிலோ தமிழில் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டப்படவில்லை. அறிக்கை இருந்தால் காட்டுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி இதற்கு 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் பணிவாக நினைவூட்டுகிறோம்.

8. அபிவிருத்திக்குக் கல் வேண்டும் என்பது எங்களுக்கும் விளங்கும். வீடு கட்டின நாங்களும் கல் வாங்கினோம். ஊர்ப் பெடியன்களுக்கு வேலை கிடைக்கும் என்றும் சொன்னார்கள். கிடைத்தது, சிலருக்கு, அதுவும் நாட்கூலிக்கு. இப்போது ஜாக்கமர் பிடிக்கிறவர்கள் வெளியூரார். இருக்கிற ஒரு குவாரியை நாங்கள் இன்றே மூடச் சொல்லவில்லை, அந்த அளவுக்குக்கூட நாங்கள் வாய் திறக்கவில்லை, ஐயா. இரண்டாவது வேண்டாம் என்கிறோம். அவ்வளவுதான். இதைச் சொல்ல இன்னும் எத்தனை மனு வேண்டும்? குவாரி முதலாளியின் விண்ணப்பம் மேசைக்கு மேசை நகர்கிறது, எங்கள் மனு வைத்த இடத்தில் கிடக்கிறது. அது எப்படி? சுரங்க அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்தான், நாங்கள் அல்ல என்று மறுபடி சொல்லாதீர்கள். அரச காணி தங்கள் கையொப்பம் இல்லாமல் போகாது என்பது எங்களுக்குத் தெரியும்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். விடியற்காலை வரிசையில் நின்றுவிட்டு வந்து எழுதியது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

மேற்குப் பக்கக் காணிக்குத் தங்கள் சம்மதத்தைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தாகிவிட்டது என்றால் திரும்பப் பெறுங்கள்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் சேர்ந்து வந்து எங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தையும் குவாரிக் குழியின் ஆழத்தையும் ஒரே நாளில் அளக்கட்டும். ஊர் ஆட்கள் முன்னிலையில் அளக்கட்டும். அளந்த எண்களைத் தமிழில் தரட்டும்.

குழியிலிருந்து இறைக்கும் தண்ணீருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று தெரிவியுங்கள்.

அதுவரை பவுசர் சொன்ன நாளில் வரட்டும். கோடையில் மட்டுமாவது வீட்டுக்கு இரண்டு கானைக் கூட்டித் தாருங்கள். தயவுசெய்து ஐயா. மற்றவை எல்லாம் விசாரணை, அறிக்கை என்று இழுபடும், அது எங்களுக்கும் தெரியும். இது நாளைக்கே செய்யக்கூடியது.

இரண்டாவது குவாரி வேண்டாம்.

இங்ஙனம்,
மலையடிக் குடியிருப்பு மக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித் தாள்களில்)

இணைப்பு: முன்னைய மனுக்களின் முத்திரையிட்ட பிரதிகள், சுவர் வெடிப்புப் படங்கள், மூடி இறுக்கிய போத்தலில் வெடி வைத்த நாள் அள்ளிய கிணற்றுத் தண்ணீர்

குறிப்பு: களம் பார்க்க வருவதானால் முன்னறிவித்தல் கொடுக்காமல் வாருங்கள். அறிவித்து வந்தால் அன்றைக்கு மட்டும் வெடியும் இருக்காது, பம்மும் ஓடாது.