டிபன் போட்டிக்குப் போய் வந்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. விதை வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையில் ஏற்றிவிட்டோம். வைகாசியில் ஊன்றலாம் என்றிருக்கிறேன். ஏக்கருக்கு 600 கிலோ வேண்டும், போன தடவை மாதிரி கடைசியில் அலைய முடியாது.

மகாராஷ்டிராவில் ராகுரிக்கு மெஷின் போட்டிக்குப் போய் நீ திரும்பி வந்து பதினெட்டு நாளாகிறது. "முடிஞ்சுதுப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அதற்கப்புறம் அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு. பரீட்சை நேரம், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

டிராக்டர் பக்கம் நிற்கும்போது துப்பட்டா போடாதே. பின்னால் மாட்டும் மெஷினைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணி சிக்கினால் கையை இழுக்க நேரமிருக்காது. சித்தப்பா கையை நீ பார்த்திருக்கிறாய். கிரீஸ் அடிக்கக் கழற்றிய தண்டு மூடியை மாட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

வண்டி இன்ஜினியர்கள் சங்கமான எஸ்ஏஇ இந்தியா, மாணவர்கள் செய்யும் விவசாய மெஷின்களுக்கு நடத்தும் டிஃபான் போட்டி என்று நீ முதலில் சொன்னபோது, அம்மா அதை டிபன் போட்டி என்றே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "உங்க பொண்ணு சமையல் போட்டிக்கா மகாராஷ்டிரா போகுது?" என்று டீக்கடையில் கேட்டார்கள். வெங்காயம் தோண்டும் மெஷின் செய்கிறாள் என்றேன். ஒருத்தனும் நம்பவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் எட்டு மாதம் ஒரு மெஷினோடு கிடந்தவள், ஊருக்கு வந்தது மூன்றே தடவை. பொங்கலுக்குக்கூட ஒரே ராத்திரி.

அங்கே நடந்ததை உன்னோடு போன பையனின் அப்பா சொன்னார். வடிவமைப்பு பற்றிக் கேட்டதற்கும் செலவுக் கணக்குக்கும் நன்றாகவே பதில் சொன்னாயாம். வயலில் இறக்கியதும் பிளேடு கட்டி கட்டியாக மண்ணைத் தூக்க, அது வெங்காயத்தை மேலே கொண்டுபோகும் கம்பிச் சங்கிலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சுற்றவே விடவில்லையாம். அது கரிசல். ஈரம் கொஞ்சம் கூடினாலும் வெங்காயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கல். கம்பிக்குக் கம்பி இடைவெளியைக் கூட்டினால் மண் உதிரும், கூடவே சின்னக் காயும் விழும். குறைத்தால் மண் நிற்கும். இதை நீதான் தை மாதம் திண்ணையில் சாக்பீஸால் வரைந்து எனக்குச் சொன்னாய்.

அன்றைக்கு நீ நாலு பாத்தி கேட்டாய். கிழக்கு வயல், நம் ஊர்க் கரிசல். வியாபாரி அச்சாரம் கொடுத்துவிட்டார், கை வைக்கக் கூடாது என்றேன். கிணற்று மேட்டில் செம்மண் துண்டைக் காட்டி அங்கே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பொலபொலவென்ற மண். மெஷின் நன்றாகத்தான் ஓடியது. நீங்களும் சந்தோஷமாகப் போனீர்கள்.

அச்சாரம் எதுவும் வாங்கவில்லை பாப்பா. வியாபாரி வந்ததே அடுத்த வாரம்தான்.

காய் வெட்டுப்படும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. கிழக்கு வயல் ரோட்டோரம். அன்றைக்கு அக்கம்பக்கத்தில் ஆள் நிறைய. எல்லோர் கண் முன்னாலும் என் மகள் மெஷின் நின்றுபோனால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். உனக்காகப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் பயந்தேன். இங்கே நின்றிருந்தால் சரிபண்ண உங்களுக்கு ஒரு மாதம் இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இது தெரியாது. நீ சொன்னாலும் பரவாயில்லை.

பட்டறையில் வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போடு. மூடி விஷயம் மறக்காதே, முடியையும் இழுத்துக் கட்டிக்கொள்.

வைகாசியில் கிழக்கு வயலில்தான் ஊன்றுகிறேன். ரோட்டோரம் நாலு பாத்தியை விட்டு வைக்கிறேன், ஆடியில் பிடுங்கும் பக்குவம் வரும். நீ மெஷினோடு வா. எத்தனை நாள் முன்னாலேயே தண்ணீரை நிறுத்த வேண்டும், பாத்தி அகலம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று மட்டும் எழுது. போனில் சொல்ல வேண்டாம் என்றால் அம்மாவிடமாவது சொல்லி அனுப்பு.

அப்பா