குளப் புத்தகத்துப் படங்கள்

மாங்குளம்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமென்று உன் தங்கச்சி சொன்னா. அவவின் மகளுக்குச் சம்பந்தம் ஒன்று சரிவரும் போலிருக்கிறது. மிச்சத்தை அவவே எழுதுவா, நான் முந்தவில்லை. மழை பிந்தினாலும் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. நெட்டையன் வழக்கம்போல எல்லோருக்கும் முதல் விதைத்துவிட்டு, ஊர் முழுக்கப் புத்தி சொல்லிக்கொண்டு திரிகிறான். உனக்கும் ஏதோ சொல்ல இருக்காம், போன் எடுத்தால் தப்பமாட்டாய்.

இவ்வளவு காலம் உனக்கு எழுதாமல் இருந்தது மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. வன்னிக் குளங்களைப் பற்றி நான் எழுதும் குளப் புத்தகம் என்னை விடவில்லை. எழுத்து வேலை முடிந்தது, மச்சான்! இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு மட்டுமில்லை, பெயர் மட்டும் மிஞ்சிப்போன சின்னக் குளங்களும் வந்திருக்கின்றன. 1895இல் வெளியான லூயிஸ் துரையின் வன்னிக் கையேட்டை மறுபடி முழுக்க வாசித்தேன். அந்தக் கதையைத் தனியே எழுதவேண்டும். இப்போது படங்களின் பிரச்சினையைக் கேள்.

நூற்றுக்கு மேல் படங்கள். கடையில் தட்டச்சுச் செய்து தந்தவர்கள் ஒவ்வொரு படத்தையும் பக்கத்தோடு கட்டிவிட்டார்கள். படத்தின் கீழே எண்ணையும் கையாலேயே அடித்திருந்தார்கள். பார்வைக்கு வடிவாகத்தான் இருந்தது. பழைய குளம் முன்னுக்கு வரவேண்டும் என்பது என் எண்ணம். வவுனிக்குளம் 1909இல் வந்த பார்க்கரின் நூலில் பேசப்படும் பழங்குளம். இரணைமட்டு வேலை தொடங்கியதே 1902இல்தான். அதனால் நான் எழுதும் மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் எஃப் 5 அமர்த்தி, தலைப்புகளையும் படங்களையும் பட்டியலிட்டுக் காட்டும் நவிகேற்றரில் வவுனிக்குளத்துத் தலைப்பைப் பிடித்து மேலே இழுத்துவிட்டேன். அத்தியாயம் அப்படியே மேலே போனது. படங்கள் போகவில்லை. வவுனிக்குளத்துப் பாலியாறு பற்றிய பந்திக்குப் பக்கத்தில், மிகை நீரை வெளியே விடும் இரணைமட்டு வான்கதவுகள் நின்றன!

காரணம் அங்கர், அதாவது படத்தை எதோடு கட்டுகிறோம் என்ற ஒரு விஷயம். படத்தைப் பக்கத்தில் கட்டினால் அது கட்டையில் கட்டின மாடு, மந்தை போனாலும் அங்கேயே நிற்கும். பந்தியோடோ எழுத்தோடோ கட்டினால் பந்தி போகும் இடமெல்லாம் கூடப் போகும். ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பந்தியோடு கட்டி முடித்தேன்.

அப்புறம் பெயர்ச் சிக்கல். அதே நவிகேற்றரில் படங்களின் பட்டியலைத் திறந்தால் இமேஜ் 1, இமேஜ் 2 என்று கீழே கீழே போகிறது. படம் கோப்புக்குள் வந்த ஒழுங்கில் விழுந்த எண்கள் அவை. புத்தகத்தில் பன்னிரண்டாம் படமாக நிற்பது பட்டியலில் இமேஜ் 74. எது எந்தக் குளமென்று அறிய ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்க்கவேண்டும். ஆனால் அந்தப் பெயரை மாற்றலாம், மச்சான்! படத்தின் மேல் வலது சொடுக்கு, பண்புகள், அதில் விருப்பங்கள் என்ற பக்கம், அங்கே பெயர். ‘வவுனிக்குளம் துருசு’ (நீர் திறக்கும் மதகு), ‘இரணைமடு அலைகரை தெற்கு’ என்று வைத்துக்கொண்டே போனேன். இப்போது பட்டியலைப் பார்த்தாலே வன்னி முழுக்க ஒருக்கால் சுற்றி வந்த மாதிரி இருக்கிறது. பெயரை இரண்டு முறை தட்டினால் அந்தப் படத்திலேயே கொண்டுபோய் விடுகிறது.

படத் தலைப்பையும் மென்பொருளிடமே விட்டேன். எண்ணை அதுவே போடும். எழுத்துக்குள் ‘படம் 12ஐப் பார்க்க’ என்று வரும் இடத்தில் 12ஐ நான் அடிக்காமல் குறுக்குக் குறிப்பாக வைத்தால், படம் இடம் மாறினாலும் எஃப் 9 அமர்த்தியதும் எண் திருந்திவிடும். நீ வேர்ட் ஆள். அங்கேயும் கொன்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9. ஆல்ட்டோடு எஃப் 10 அமர்த்தினால் அந்தப் பக்கத்துப் படங்கள் வரிசையாக வரும், அங்கேயே பெயரும் மாற்றலாம். உன் ஒபிஸ் அறிக்கைகளுக்கும் செய்து பார், உன் மனேஜர் வாயடைத்துப் போவார்.

இவ்வளவையும் நான் அச்சுக்காக மட்டும்தான் செய்துகொண்டிருந்தேன். போன கிழமை உன் அக்காவின் மகன் வாசிகசாலைக்கு வந்தான். 2009இல் போன கண் போனதுதான், ஆனால் கணினியில் அவன் வேகம் நமக்கில்லை. என்விடிஏ என்று, திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் இலவசத் திரைவாசிப்பான் வைத்திருக்கிறான், தமிழும் வாசிக்கும். எது தலைப்பு, எது படம் என்று திரைவாசிப்பானுக்குத் தெரியும்படி, புத்தகத்தை டேக் போட்ட பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். எச் எழுத்தைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவினான். ஜீ எழுத்தைத் தட்டிப் படத்துக்குப் படம் தாவினான். ஒவ்வொரு படத்திலும் ‘கிராபிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“மாமா, இங்க படம் இருக்கெண்டு தெரியுது. என்ன படமெண்டு புத்தகம் சொல்லேல்லையே” என்றான்.

மச்சான், அந்தப் பெடியன் முத்தையன்கட்டில் பிறந்து, அந்தக் குளத்தில் நீந்தி வளர்ந்தவன். அவன் ஊர்க் குளம் அவனுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது, புத்தகம் வாய் திறக்கவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. இந்த மண்ணில் அவனைப் போல எத்தனை பேர்!

படத்துக்கு வைத்த பெயர் அவனுக்குப் போதாது. மாற்று உரை என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது, அங்கே எழுதினால்தான் அவன் காதுக்குப் போகும். ‘குளத்தின் அழகிய காட்சி’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றான். “எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தண்ணி இடக்கைப் பக்கமா வலக்கைப் பக்கமா? துருசு எங்க? வான் பாயுதா, காஞ்சு கிடக்குதா? அதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாப்பன்” என்றான். அவன் கேட்ட மாதிரியே எழுதுகிறோம். நான் படத்தைச் சொல்ல, அவன் கேள்வி கேட்க, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வசனமாக வருகிறது. எனக்கே தெரியாமல் இருந்த திசைகளை அவன் கேள்வி காட்டிக் கொடுக்கிறது.

இப்போது உன் முறை. நீ 80களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கான் செய்து அனுப்பினாய், பெரிய உபகாரம். ஆனால் எதன் பின்பக்கத்திலும் ஓர் எழுத்து இல்லை! அந்தக் காலத்தில் காதல் கடிதத்துக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதினவன் நீ. பெரும்பாலானதை மாஸ்டரும் நானும் கண்டுபிடித்துவிட்டோம். மாஸ்டருக்கும் இப்போது ஞாபகம் முன்போல இல்லை, அதுதான் என் அவசரம். ஊகித்துப் பெயர் போட என்னால் முடியாது. தவறான குளத்தின் பெயர் ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால், இங்கே வளரும் பிள்ளைகள் அதையே நம்புவார்கள்.

மூன்று படம் மிச்சம். ஒன்றில் உடைந்த அலைகரை, பக்கத்தில் இரண்டு மருதமரம். அடுத்ததில் துருசுக்கு மேல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர், உன் அப்புவோ என்று எனக்கு ஒரு எண்ணம். மூன்றாவதில் வற்றின குளத்துக்குள் மாட்டுவண்டில். எந்த ஊர், எந்தக் குளம், நீ எந்தப் பக்கம் நின்று எடுத்தாய் என்று எழுது. தைப்பொங்கலுக்கு முன் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். தங்கச்சி மூலம் சொல்லி அனுப்பாதே, நேரே எனக்கு எழுது.

அன்புடன்,
வாத்தி