கப்பலில் வந்தது சட்டம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்பாலீர்ப்பு ‘மேல்நாட்டு இறக்குமதி’ என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாரிமுனையில் முப்பது வருடத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டு சுமந்தவன் நான். கப்பலேறி வந்தது அதைக் குற்றமாக்கிய சட்டம்தான், ஐயா. அதை எழுதியவர் வந்து இறங்கியதும் நம்ம ஊர்க் கரையில்தான்.

அந்தச் சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர் மெக்காலே இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்தது 1834 ஜூனில், சென்னையில். இங்கிருந்து ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரலைப் பார்த்துவிட்டு, அப்புறம் கல்கத்தா போனார். 1837-ல் தண்டனைச் சட்ட வரைவு தயார். மற்ற குற்றங்களுக்கெல்லாம் உதாரணம் சொல்லி விளக்கியவர், இந்த விஷயத்தில் மட்டும் பொதுவில் பேச்சு எழுவதே வேண்டாம் என்று குறிப்பெழுதி நகர்ந்துவிட்டார். மூலவர் யாரென்றால், எட்டாம் ஹென்றி 1533-ல் இங்கிலாந்தில் போட்ட சட்டம். இந்த உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. நம் ஹைகோர்ட் பிறந்ததும் அதே வருடம்தான்.

இங்கிலாந்து 1967-லேயே தன் வீட்டில் இதைத் தளர்த்திக்கொண்டது. நாம் 2018 வரை கட்டிக்கொண்டு அழுதோம். நடுவில், டில்லி ஹைகோர்ட் 2009-ல் தந்த விடுதலையை 2013-ல் உச்ச நீதிமன்றம் பிடுங்கிய கூத்து வேறு.

இந்தப் பிரிவில் எங்கள் ஆபீஸுக்கு ஒரு கேஸ்கூட வந்ததில்லை. ஆனால் பயந்து போய் ஒரு பையன் வந்தான். “வீட்டுக்குச் சொல்லட்டுமா, ஸ்டேஷனுக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டே ஒருவன் மாதாமாதம் பணம் பறித்திருக்கிறான். கடைசியாகப் பையன் வாட்சையும் கழற்றிக் கொடுத்திருக்கிறான். மணிக்கட்டில் வெளுத்த தடம் அப்படியே இருந்தது. புகார் கொடுத்தால் தானே குற்றவாளி ஆகிவிடுவோமோ என்று கேட்டான். சீனியர் பதில் சொல்ல யோசித்தார். அதற்குள் எழுந்து போய்விட்டான்.

சரி, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சம்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. உங்கள் பத்திரிகையில் மட்டும் ‘இயற்கைக்கு மாறான உறவு’ என்று இன்னும் அச்சாகிறது. 377-ன் வாசகத்துக்கு யாரோ ஒரு கோர்ட் மொழிபெயர்ப்பாளர் போட்ட தமிழ் போலிருக்கிறது. ஹைகோர்ட் சொல்லித் தமிழக அரசு 2022-ல் இதற்கென்றே ஒரு சொல்லகராதியை அரசிதழில் வெளியிட்டது. ஒரு பிரதி எடுத்து உங்கள் உதவி ஆசிரியர்கள் மேஜையில் வையுங்கள்.

- ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருவல்லிக்கேணி, சென்னை