கிழக்குக் கரையின் பூட்டு: ஏரி நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏரி நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகன் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தான். மைதானத்தில் ஓடியாடி வியர்த்துவிட்டது என்றான். சொல்லும்போதே தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான். வியர்வை எந்தக் காலத்தில் காதுக்குள் புகுந்து அடைத்திருக்கிறது? கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். முழங்கையில் வெள்ளை வெளேரென்று கல்தூள். ஏரிக்குப் போனால் சேறு ஒட்டும். கல்தூள் ஒட்டுகிற தண்ணீர் இந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அது எது என்று உங்களுக்கும் தெரியும்.

கைவிடப்பட்ட அந்தக் கல்குவாரிப் பள்ளத்தில்தான் அவனும் நண்பர்கள் மூவரும் இறங்கியிருக்கிறார்கள். அவனுக்கு வயது 14. நீச்சல் தெரியாது. "பாறை விளிம்பை விடவே இல்லை அம்மா" என்றான், அதைச் சொன்னால் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்து. அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க மனம் வரவில்லை. "குளித்தே ஆக வேண்டும் என்றால் ஏரிக்குப் போயிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"ஏரியைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்களே" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

வேலி எதனால் வந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏரியில் ஓர் உயிரை இழந்த அந்த வீட்டாரின் துக்கத்தை என் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்கவும் மாட்டேன். அந்த வாரம் யாராக இருந்தாலும் வேலிதான் போட்டிருப்பார்கள். உங்கள் நாற்காலியில் நான் இருந்திருந்தால், நானும் முதலில் ஒரு பூட்டு வாங்கிவரத்தான் ஆள் அனுப்பியிருப்பேன். ஆனால் அவசரத்துக்குப் போட்ட பூட்டு இரண்டு கோடைகளைக் கடந்து மூன்றாவதிலும் தொங்குகிறது. பூட்டியாகிவிட்டது, இனி என்ன என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. கோடை விடுமுறை நாட்களில், காலையில் மூன்று மணி நேரமாவது, கிழக்குக் கரையைத் திறந்துவிடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரோடு நிற்கும்படி கயிறும் மிதவையும் கட்டி, நீந்தவும் காப்பாற்றவும் தெரிந்த ஓர் ஆளைக் கரையில் நிறுத்துங்கள்.

ஏன் குறிப்பாகக் கிழக்குக் கரை என்று கேட்பீர்கள். உங்கள் கோப்புகளில் அந்தக் கரைக்கு நீளமும் அகலமும் இருக்கும். எங்களுக்கு அது காலால் தெரியும். கரையிலிருந்து பத்து எட்டு வரை கணுக்கால் ஆழம். கருப்புப் பாறையைத் தாண்டினால் முழங்கால். அங்கிருந்து வெகு மெதுவாகச் சரிந்துகொண்டே போய், இடுப்பு நனையும் இடத்தில் பாதத்துக்கு அடியில் மணல் முடிந்து சேறு தொடங்கும். விரலிடுக்கில் சேறு பிதுங்கினால் திரும்பிவிட வேண்டும். எங்களுக்கு இருந்த எச்சரிக்கைப் பலகை அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அது வேலை செய்தது.

எனக்குப் பதின்மூன்று வயதாகியிருந்த கோடையில் அங்கே நான் அடித்ததெல்லாம் கடப்பாரை நீச்சல்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பொறுமையைக் கைவிடாமல் தினமும் அழைத்துப் போவாள். முதுகுக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வைத்து, "வயிற்றை எக்காதே, மூச்சை இழுத்துப் பிடி, வானத்தைப் பார்" என்பாள். காதுகள் தண்ணீருக்குள் போனதும் கரையின் கூச்சலெல்லாம் சட்டென்று அறுந்துபோகும். என் மூச்சு மட்டும், யாரோ பக்கத்து அறையில் தூங்குவது போலக் கேட்கும். ஒருநாள் அப்படியே கிடந்துவிட்டுத் தலையைத் திருப்பினால், அக்கா நான்கு எட்டு தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கையை எப்போது எடுத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த நொடியில் பதறி மூழ்கி இரண்டு வாய் தண்ணீர் குடித்தேன் என்பது வேறு கதை.

நெஞ்சில் காற்று நிறைந்திருந்தால் பெரும்பாலான உடம்புகள் மிதக்கவே செய்யும்; பயந்து கைகளை மேலே தூக்கும்போதுதான் தலை உள்ளே போகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதுகுக்கு அடியில் ஒரு கை இருந்து, பிறகு இல்லாமல் போக வேண்டும். என் மகனின் முதுகுக்கு அடியில் வைக்க என்னிடம் கை இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை.

இன்னொன்றும் அந்தக் கரையில் தெரிந்துகொண்டோம். கோடை முற்றியதும் ஏரி இரண்டு அடுக்காகிவிடும். வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலே தங்க, குளிர்ந்த தண்ணீர் கனத்து அடியில் கிடக்கும். மதகுப் பக்கம் ஆழத்தில் நின்று காலை மிதித்தால் மார்பு வெதுவெதுவென்று இருக்கும், பாதம் விறைக்கும். "கீழே பேய் காலைப் பிடிக்கிறது" என்று சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்துவோம்.

கல்குவாரியில் அந்தப் பேய் உண்மையாகவே இருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள், ஐயா. அந்தப் பள்ளத்தில் கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம் என்று எதுவும் கிடையாது. ஒரு காலுக்குக் கீழே பாறை, அடுத்த காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. சுவர் செங்குத்தாக இருப்பதால் இறங்கியவனுக்கு ஏறிவர வழி கிடையாது. நிழலும் ஆழமும் சேர்ந்து, மேலாக ஒரு முழம் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் கோடையிலும் சில்லென்றுதான் கிடக்கும். உயரத்திலிருந்து குதிக்கிற பையன் நேராக அந்தக் குளிருக்குள் போய் இறங்குகிறான். திடீர்க் குளிர் பட்டதும் உடம்பு தன்னையறியாமல் பெரிதாக ஒரு மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதும் இல்லை. மூச்சு விடவே வாய் மேலே வராதபோது கத்துவது எங்கே? பக்கத்திலேயே மூன்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்க, நான்காமவன் ஒரு நிமிடத்துக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு நான் தூங்கவில்லை. நீங்கள் தூங்கியிருப்பீர்கள், உங்கள் எல்லைக்குள் யாரும் குளிக்கவில்லையே.

உலக அளவில் 2021-இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 29 வயதைத் தொடாதவர்கள். இதைத் தடுக்க அந்த நிறுவனம் ஆறு வழிகளைப் பரிந்துரைக்கிறது. அவற்றில் ஒன்று, தண்ணீருக்குப் போகும் வழியில் தடுப்பு. அதை நீங்கள் குறைவில்லாமல் செய்துவிட்டீர்கள். அதே பட்டியலில், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுப்பது என்று ஒரு வரி இருக்கிறது. கரையில் நிற்பவர்களுக்கு மீட்பும் முதலுதவியும் பழக்குவது என்று இன்னொரு வரியும் இருக்கிறது. 'தடுப்பு' என்ற சொல் வந்ததுமே பட்டியலை மூடி வைத்துவிட்டார்களோ என்னவோ.

கற்றுக்கொடுக்க நீச்சல் குளமும் பளிங்குத் தரையும் வேண்டும் என்பதில்லை. வங்கதேசத்தில் ஊர்க் குளங்களிலேயே மூங்கில் மேடை கட்டி, பிடித்துக்கொள்ள மூங்கிலே கம்பியாக, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகள் மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலிக்குச் செலவான இரும்புக்கு முன்னால் நான்கு மூங்கில் எம்மாத்திரம்?

வேலிக்கு வெளியே உங்கள் சுறுசுறுப்புக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடைபாதைக்கு வண்ணக் கற்கள் பதித்திருக்கிறீர்கள். படம் எடுத்துக்கொள்ள ஆளுயர எழுத்துகளில் ஏரியின் பெயரை நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஏரி தெரிவதில்லை. பெஞ்சுகள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்கின்றன. அன்னப்பறவைப் படகுகள் கட்டணத்துக்கு மிதக்கின்றன. காசு கொடுத்து மேலே மிதக்கலாம், காசில்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. நேற்று மாலை எச்சரிக்கைப் பலகைகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு. 'ஆழமான பகுதி' என்று சிவப்பில் எழுதிய பலகைக்கு அடியில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்கு முழங்கால்கூட நனையவில்லை.

மேற்குப் பக்கம் சாக்கடைக் குழாய் மட்டும் வேலிக்கு அடியில் நுழைந்து நிம்மதியாக ஏரியில் கலக்கிறது. அதற்கு எந்தப் பலகையும் இல்லை. சாக்கடையோடு வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். நீலப்பச்சைப் பாசி பெருகினால் தண்ணீரே நஞ்சாகலாம். நாளைக்கு அதையும் காரணம் காட்டி, 'தண்ணீர் குளிக்கத் தகுதியற்றது' என்று எட்டாவது பலகை வைப்பீர்கள். நாங்கள் குளித்த நாட்களில் தண்ணீரின் நிறம் சற்று மாறினாலும், வாடை மாறினாலும் அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். நாற்பது பிள்ளைகள் அதில் மூக்கை முக்கி எழுந்திருப்பார்களே. இன்றைக்கு அதில் முகம் வைக்கிறவர்கள் யாரும் இல்லை. அதனால் கேட்கவும் யாரும் இல்லை.

மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்று, கொட்டித் தீர்த்தது வேறொன்று. திறப்பதற்கு முன் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது உங்கள் கடமை, அதை மறுக்கவில்லை.

உங்களுடைய உண்மையான தயக்கமும் எனக்குப் புரிகிறது. திறந்துவிட்ட பிறகு ஏதாவது நடந்தால் யார் தலையில் விடியும்? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. அங்கே பழைய மணல் குவாரி ஒன்று ஏரியாகியிருந்தது. நீந்தக் கூடாது என்று பலகை இருந்தும், 1995-இல் 18 வயது இளைஞர் ஒருவர் ஆழமில்லாத இடத்தில் தலைகுப்புறப் பாய்ந்து, கழுத்தெலும்பு முறிந்து முடங்கிப்போனார். மிகப் பெரிய துயரம். ஆனாலும் 2003-இல் வந்த தீர்ப்பு, ஏரியை நிர்வகித்தவர்கள் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. சிலர் ஆபத்தில் இறங்குகிறார்கள் என்பதற்காக, குடும்பங்களும் குழந்தைகளும் தீங்கில்லாமல் விளையாடும் கரையை இல்லாமல் செய்துவிடுவது சரியாகாது என்றும் நீதிபதிகள் கருதினார்கள். அந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லும் என்று சொல்ல வரவில்லை. உங்களைப் போலவே பயந்த ஒரு நிர்வாகத்துக்கு மூத்த நீதிபதிகள் நிதானமாக யோசித்துச் சொன்னது இது. நீங்களும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா நிற்கவில்லை. தெருவில் பன்னிரண்டு பெற்றோர்கள் பேசி வைத்திருக்கிறோம். நாளுக்கு இருவராக முறை வைத்துக் கரையில் நிற்போம். தலையை எண்ணி உள்ளே அனுப்பி, தலையை எண்ணி வெளியே அழைத்து வருவோம். மீட்புப் பயிற்சிக்கு யாரையாவது வரவழைத்தால் முதல் வரிசையில் நான் உட்காருகிறேன். எனக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்த அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறாள். முழங்கால் வலி இருக்கிறது. கை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: கோடைக் காலைகளில் மூன்று மணி நேரம், கிழக்குக் கரையைத் திறந்துவிடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் சொல்லுங்கள். சென்ற ஆண்டு கொடுத்த மனு 'பரிசீலனையில்' இருக்கிறது என்று காவலாளி சொன்னார், பாவம், அவருக்கு எப்படித் தெரியுமோ.

விடுமுறை முடிய இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. என் மகனை வீட்டில் பிடித்து வைக்க என்னால் முடிந்தது அதிகபட்சம் இரண்டு வாரம்.

இப்படிக்கு,
கருப்புப் பாறையைத் தாண்டி நீந்தக் கற்றுக்கொண்ட ஒருத்தி

பின்குறிப்பு: நேற்று வேலியோரம் போனபோது பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகியிருக்கிறது. சாவி சுழலவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம்; சொல்லியனுப்பினால் எண்ணெயோடு வருகிறேன்.