மாமி அளந்து போட்ட அரிசி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

மீன்பிடிக்கப் போய்க் கடலில் காணாமல் போயிருந்த பிள்ளைகளின் அப்பா கரை சேர்ந்து இன்றோடு நாலு நாள். இப்போதும் நடுராத்திரியில் எழுந்து, அவர் மூச்சு விடுகிறாரா என்று நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

சொந்தக் காசில் டீசல் போட்டுத் தேடப் போன விசைப்படகுக்காரர்கள், வயர்லெஸ்ஸை விட்டு நகராத தம்பிமார், கடலோரக் காவல்படையினர், லட்சத்தீவில் கஞ்சியும் மாற்றுத்துணியும் கொடுத்த முகம் தெரியாத சகோதரர்கள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பங்குத்தந்தை, மாதா கெபியில் விடியும்வரை செபமாலை சொன்ன அன்பியத்தார் (எங்கள் பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுவினர்), எல்லாருக்கும் என் நன்றி.

பக்கத்து வீட்டு மாமியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

2017 ஒக்கிப் புயலில் போன மகனின் உடல்கூட மாமிக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர் என் வாசல்படி ஏறுவார் என்றே நான் நினைக்கவில்லை. பிள்ளைகளின் அப்பா காணாமல் போன மூன்றாம் நாள் காலையில் மாமி வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார், அரிசிப் பானையைத் திறந்தார். எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அளந்து போட்டார். அப்புறம் இன்னொரு உழக்கு அள்ளினார்.

"அது யாருக்கு மாமி?"

"அவனுக்குத்தான் மக்கா. பசியோடல்லா வருவான்."

அன்றிலிருந்து தினமும் வந்தார். பிள்ளைகளின் அப்பாவுடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் பழங்கஞ்சியாக என்னையே குடிக்க வைப்பார். பட்டினி கிடந்த என் வயிற்றில் அப்படித்தான் சோறு இறங்கியது.

திருச்சபை கொண்டாடிய 2025 யூபிலி ஆண்டு முழுக்க "எதிர்நோக்கின் (நம்பிக்கையின்) திருப்பயணிகள்" என்ற அதன் வாசகத்தை ஞாயிறுதோறும் வாசித்தேன். அந்த யூபிலி இலச்சினையில் சிலுவையின் அடி நங்கூரமாக வளைந்திருக்கும். எதிர்நோக்கு நம் உள்ளத்துக்கு நங்கூரம் என்று எபிரேயர் திருமுகம் சொல்வதைச் சாமியாரும் மறையுரையில் விளக்கினார். கடற்கரையில் பிறந்தவளுக்கு நங்கூரம் புதிதா? போட்ட பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. கயிறு விறைத்து நிற்பதைப் பார்த்துத்தான் அடியில் பிடித்திருக்கிறது என்று அறிகிறோம். அந்த நாட்களில் எனக்குக் கயிறாக இருந்தது அந்த ஒரு உழக்கு அரிசி.

ஒரு ராத்திரி தாங்காமல் கேட்டுவிட்டேன்: "உங்க மகன் வரலியே மாமி, பிறகும் எப்படி..."

"இனி அவன் வரமாட்டான்னு தெரியும் மக்கா. நான்தான் அவன்கிட்ட போவேன். அதுக்குத்தான காத்துக் கிடக்கேன்."

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பிள்ளைகளின் அப்பா உயிரோடு வந்துவிட வேண்டும், அதுவரைக்கும்தான் என் செபம் போயிருந்தது. மாமியோ கல்லறைகூட இல்லாத மகனுக்காக, உயிர்ப்பு நாளை நம்பி, இத்தனை வருடமாகத் தினமும் எழுந்து முற்றம் தெளிக்கிறார்.

இனி இந்தக் கரையில் எந்த வீட்டுக்காரி கடலைப் பார்த்து நின்றாலும் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் அரிசிப் பானையை நானே திறப்பேன். வருகிற நவம்பர் 30 அன்று, ஒக்கியில் போனவர்களுக்கான திருப்பலியில், மாமியின் பக்கத்தில்தான் நிற்பேன்.

மாமி, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில். பிள்ளைகளின் அப்பாவே போய்ச் சாளை மீன் வாங்கி வந்திருக்கிறார். உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருக்கிறேன்.