நான்கு வரிப் புள்ளிகளுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நம் டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) பேக்கேஜின் பில்டு, அதாவது நிரலைக் கம்பைல் செய்து கட்டும் வேலை, புதிய கம்பைலரில் உடைந்து கிடந்தது. இப்போது முடிந்துவிட்டது. ஏஎம்டி64, ஏஆர்எம்64 என்ற இரு செயலி வகைகளிலும் பச்சை. இத்தனை நாள் என்ன பாடு பட்டோம் என்பது இதைப் படிக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். கைகொடுத்தவர்களுக்குச் சூடு ஆறுமுன் நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி, பெயர்கூடப் போடாமல் நான்கு வரியை மட்டும் ஒட்டிவிட்டுப் போன நண்பருக்கு.

‘யுஇன்ட்32_டி’ (ஒரு முழு எண் வகையின் பெயர்) அறிவிக்கப்படவில்லை என்று ஜிசிசி 13 கம்பைலர் அடம்பிடித்தது. ஜிசிசி 12இல் முணுமுணுக்காமல் ஓடிய அதே நிரல். எல்லோருமாகச் சேர்ந்து அதற்கு ‘ஹெடர் காணோம்’ என்று பெயர் வைத்து (ஹெடர் என்பது நிரல் இன்க்ளூட் வரியால் உள்ளே அழைக்கும் அறிவிப்புக் கோப்பு), ஹெடர்கள் அடங்கிய டெவ் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருந்தோம். நீங்கள் செய்தது இதுதான்: பழைய கம்பைலரில், ஜி++ கட்டளையோடு, எந்த ஹெடர் எதை அழைக்கிறது என்று காட்டும் -எச் (பெரிய எழுத்து) சேர்த்து அந்த ஒரு கோப்பை மட்டும் ஓட்டி, வந்ததில் நான்கு வரியைக் கத்தரித்துப் போட்டீர்கள்.

. டோக்கன்.எச்
.. ஸ்ட்ரிங்
... பிட்ஸ்/கேர்_டிரெய்ட்ஸ்.எச்
.... சிஎஸ்டிடிஇன்ட்

கீழே ஒரு குறிப்பு: ‘13இல் நாலாவது வரி வராது.’

புரியாதவர்களுக்காக: எத்தனை புள்ளியோ அத்தனை ஆழம். நிரல் கோப்பு டோக்கன்.எச்சை அழைக்கிறது, அது ஸ்ட்ரிங்கை, அது உள்ளே ஒன்றை, அது சிஎஸ்டிடிஇன்ட்டை. யுஇன்ட்32_டியைத் தருவது கடைசியில் நிற்பதுதான். டோக்கன்.எச் அந்த வகையைப் பத்து இடத்தில் பயன்படுத்தியது, ஆனால் அதைத் தரும் ஹெடரை ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சத்தில் இத்தனை வருடம் படித்திருக்கிறது. 2023 ஏப்ரலில் வெளிவந்த ஜிசிசி 13, தன் சி++ நூலகத்தின் உள்ளே தேவையில்லாத அழைப்புகளைக் குறைத்தபோது அந்த விளக்கு அணைந்தது. கோப்பு வட்டில் அப்படியேதான் இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை.

இந்த வித்தியாசம்தான் எங்கள் கண்ணில் படவே இல்லை. ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று ஃபேட்டல் எரர் வந்தால் ஹெடர் நிஜமாகவே கணினியில் இல்லை, அல்லது தேடும் பாதையில் இல்லை. ‘அறிவிக்கப்படவில்லை’ என்று வந்தால் எந்தப் பேக்கேஜை நிறுவினாலும் பயனில்லை, நிரலில்தான் ஒரு இன்க்ளூட் வரி குறைகிறது. இந்த ஹெடரை மறந்துவிட்டாயா என்று கம்பைலரே எரருக்கு அடியில் கேட்டிருந்தது. பில்டை நடத்தும் மேக் கருவி எட்டு இழையில் ஓடும்போது எரர்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து வரும். கடைசித் திரையைப் பார்த்துவிட்டுக் குழம்பாமல், -ஜே1 (ஒரே இழை) போட்டு மறுபடி ஓட்டி முதல் எரரைப் படித்திருக்க வேண்டும்.

பேட்ச் (நிரலுக்கான திருத்தம்) விஷயத்திலும் நீங்கள் ஒரு படி மேலே போனீர்கள். சட்டென்று தோன்றும் வைத்தியங்கள் இரண்டு. ஒன்று, உடைந்த சிபிபி (சி++ நிரல்) கோப்பின் தலையில் இன்க்ளூட் வரியைச் செருகுவது. அது கம்பைல் ஆகும், டோக்கன்.எச்சை அழைக்கும் அடுத்த சிபிபி உடையும். இன்னொன்று, பில்டு விதிகள் இருக்கும் டெபியன்/ரூல்ஸ் கோப்பில் கம்பைலர் கொடியாக -இன்க்ளூட் சிஎஸ்டிடிஇன்ட் என்று திணிப்பது. அதைத் தவறிப்போய் சி கோப்புகளுக்கான கொடிகள் இருக்கும் சிஃப்ளாக்ஸிலும் போட்டுவிட்டால், சி கோப்புகளுக்கு அந்த சி++ ஹெடர் கிடைக்காமல் புதிதாக ஒன்று ‘காணாமல்’ போகும். அதைவிட மோசம், டோக்கன்.எச் நம் டெவ் பேக்கேஜோடு வெளியே போகிற ஹெடர். கொடி போட்டால் நம் பில்டு மட்டும் பிழைக்கும். அதை நம்பிக் கட்டுகிற மற்ற பேக்கேஜ்கள் அதே குழியில் விழும்.

நீங்கள் வரியை டோக்கன்.எச்சிலேயே வைத்தீர்கள். அதுவும் சிஎஸ்டிடிஇன்ட் இல்லை, எஸ்டிடிஇன்ட்.எச். ஏன் என்று முதலில் விளங்கவில்லை. தேடிப் பார்த்தால் அந்த ஹெடரை ஒரு சி கோப்பும் அழைக்கிறது. ஸ்ட்ரிங்கை அழைக்கும் பகுதி சி++ காவலுக்குள் (சி++ஆகக் கம்பைல் செய்தால் மட்டும் படிக்கப்படும் பகுதி) இருக்கிறது, யுஇன்ட்32_டி வெளியே இருக்கிறது. அதோடு, முன்னால் எஸ்டிடி என்ற முன்னொட்டு இல்லாமல் வெறுமனே எழுதிய பெயருக்குத் தரநிலையே உறுதி தருவது எஸ்டிடிஇன்ட்.எச்தான். ஒரே ஒரு வரி, ஆனால் எவ்வளவு நிதானமாகப் பார்த்து வைத்த வரி! பேட்சின் தலையில் டெப்-3 என்ற டெபியன் குறிப்பு முறைப்படி காரணத்தை எழுதி, நிரலை எழுதுகிற மூலத் திட்டத்துக்கும் அனுப்பிவிட்டதாக ஃபார்வர்டட் குறிப்பும் போட்டிருந்தீர்கள். யாரும் கேட்காமல் செய்த வேலை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்த ஹெடர் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று அறிய, ஏபிடி-ஃபைல் அப்டேட் செய்துவிட்டு ஏபிடி-ஃபைல் சர்ச்சில் ஹெடர் பெயரைப் போடச் சொன்னவருக்கு நன்றி. இசட்லிப்.எச் என்றால் இசட்லிப்1ஜி-டெவ், பைத்தான்.எச் என்றால் பைத்தான்3-டெவ் என்று இனி மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃபெடோரா லினக்ஸில் அதே வேலைக்கு டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் என்று சொன்னவருக்கும். எஃப்டி2பில்ட்.எச் இருந்தும் கிடைக்காததற்குக் காரணம் அது ஃப்ரீடைப்2 என்ற உள்ளடைவில் இருப்பதுதான், பாதையைக் கையால் எழுதாமல் பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேள் என்றவருக்கும். ஆர்பிசி/ஆர்பிசி.எச் ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தில் 2.32இலிருந்து வராது, லிப்டிஐஆர்பிசி-டெவ் நிறுவி அதன் டிஐஆர்பிசி அடைவைக் காட்டு என்றவருக்கும். பேக்கேஜை நிறுவிய பின்னும் பில்டை அமைக்கும் சிமேக் கருவி பழைய ‘கிடைக்கவில்லை’யையே பிடித்துக்கொண்டிருந்தபோது பில்டு அடைவையே அழித்துவிடு என்று கொஞ்சம் காரமாகச் சொன்னவருக்கும். அவர் சொன்னது சரிதான், சிமேக்கேஷ் கோப்பு அதை நினைவில் வைத்திருந்தது.

அப்புறம் ஜென்.எச்! பில்டின்போதே உருவாகிற ஹெடர் அது. எட்டு இழையில் சில முறை காணோம், -ஜே1இல் எப்போதும் இருக்கும். மேக்ஃபைலில் சார்பு வரி விடுபட்டிருக்கிறது, ஜிஎன்யு மேக் 4.4இல் வேலைகளின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் கொடி போட்டால் வேண்டும்போதெல்லாம் உடைத்துக் காட்டலாம் என்று சொன்ன தங்கைக்குத் தனியாக ஒரு காபி பாக்கி இருக்கிறது.

இனி எங்கள் பக்கம். எந்தப் பேக்கேஜையும் சொந்த மடிக்கணினியில் கட்டிப் பார்த்துவிட்டு ‘எனக்கு ஓடுகிறது’ என்று சொல்ல மாட்டோம். அந்தக் கணினியில் எத்தனையோ டெவ் பேக்கேஜ்கள் கிடக்கும், பில்டுக்குத் தேவையானவற்றின் பட்டியலான பில்டு-டிபெண்ட்ஸில் எது விடுபட்டது என்று அது காட்டிக்கொடுக்காது. எஸ்பில்டு என்ற கட்டும் கருவி, சுத்தமான க்ரூட் (தனியாகப் பிரித்த வெறும் கணினிச் சூழல்), அதன் பிறகே பதிவேற்றம். எங்கள் கையிலிருக்கும் மற்றப் பேக்கேஜ்களையும் ஜிசிசி 14இல் ஓட்டத் தொடங்கிவிட்டோம். அதில் இதே கூத்து அல்காரிதம் ஹெடரில் நடக்கிறது. எஸ்டிடி ஃபைண்ட்_இஃப், எஸ்டிடி சார்ட் எல்லாம் இரவல் வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தவை. டெபியன் 13 அந்தக் கம்பைலரோடுதான் வந்திருக்கிறது, ஆகவே மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு வரி நண்பரே, நீங்கள் அனுப்பிய பேட்சை மூலத் திட்டத்தில் நேற்று சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பதிப்பு வந்ததும் பேட்ச் பட்டியலான டெபியன்/பேட்சஸ்/சீரீஸ் கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுவோம். சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பில்) போட உங்கள் பெயர் வேண்டும், ஒரு வரி எழுதிப் போடுங்கள்.