உழவு மாட்டுக்கும் உங்கள் திட்டத்தில் இடம் கொடுங்கள்

மாநிலத்தின் வேளாண்மைக்கும் கால்நடைக்கும் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் பகுதியில் நடந்த உழவர் முகாமுக்கு எங்கள் ஊர் ஏர்க்காரர் ஒருவர் போயிருந்தார். ஆனி மாதம் அவருடைய ஜோடியில் வலத்து மாடு நோய் கண்டு இறந்துவிட்டது. இன்னொரு மாடு வாங்க மானியமோ கடனோ கிடைக்குமா என்று கேட்டார். "கறவை மாடா? உழவு மாடென்றால் திட்டத்தில் இல்லை, பெரியவரே" என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மறு வாரமே மிஞ்சியிருந்த இடத்து மாட்டையும் அவர் விற்றுவிட்டார். பத்து வயதைத் தாண்டிய எருதை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஏர் அது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு ஜோடி எருது வைத்து உழவு செய்யும் சிறு, குறு விவசாயிக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு ஊக்கத்தொகை கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

டிராக்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நானும் என் பெரிய வயலுக்கு டிராக்டரைத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் எங்களுடையது மானாவாரிச் செம்மண் பூமி. ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தால் உழவுப் பதம் சில நாட்களே நிற்கும். அதற்குள் உழுது கடலையைப் போட்டாக வேண்டும். அந்த நாட்களில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். ஐந்து ஏக்கர் ஒரே மூச்சில் உழக் கிடைக்கும்போது, அரை ஏக்கர்க்காரருக்காக எந்த ஓட்டுநர் வண்டியைத் திருப்புவார்? அவர்மேல் குற்றமில்லை, டீசல் அவர் காசு.

எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மாள் இருக்கிறார். அவருடைய நிலம் முக்கால் ஏக்கர். நான்கு பக்கமும் மற்றவர்களின் வெள்ளாமை, நடுவில் அவருடைய துண்டு. டிராக்டர் உள்ளே போக வழியே கிடையாது. இத்தனை காலமும் ஏர்க்காரர் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடுகளை முன்னும் பின்னுமாக வரப்பில் நடத்திப் போய் உழுதுகொடுத்து வந்தார். கடந்த ஆடியில் மழை பெய்தது, ஏர் இல்லை. அந்த அம்மாளும் மகளும் மண்வெட்டியால் கொத்தத் தொடங்கினார்கள். கால் பங்கு நிலத்தைக் கொத்தி விதைப்பதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. வாங்கி வைத்திருந்த விதைக்கடலையில் மீதியைச் செக்குக்குப் போட்டார்கள். முக்கால் ஏக்கரில் மிச்சமெல்லாம் கோரையும் அருகும். இதை எந்தப் பயிர்ச்சேதக் கணக்கிலும் நீங்கள் காண முடியாது; விதைக்காத நிலத்துக்குச் சேதம் ஏது?

விதைத்தவர்களுக்கும் சிக்கல் தீரவில்லை. பயிர் முளைத்தபின் வரிசைகளுக்கு நடுவே, மாட்டுக்கு வாய்ப்பூட்டு மாட்டி ஊடுழவு ஓட்டுவோம். களை மடியும், மண் பொலபொலக்கும். முளைத்து நிற்கும் கடலைக்குள் டிராக்டரை விட முடியாது. களைக்கொல்லி அடியுங்கள் என்கிறார்கள். அதே வாயால் இயற்கை வேளாண்மைக்கு மாறுங்கள் என்றும் சொல்கிறார்கள்.

இன்னொரு மாடு வாங்கிப் பூட்டிவிட்டால் ஆயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். உயரமும் நடையும் ஒத்துவர வேண்டும். வலத்துக்குப் பழகியது வலத்தில்தான் ஒழுங்காக இழுக்கும். இளங்காளையை வாங்கினால் காயடித்து, வெறும் நுகத்தில் நடத்தி, பிறகு கட்டை இழுக்க விட்டு, அதன்பிறகே ஏரில் பூட்ட முடியும். அதுவரை தீனி போடுகிறவன் உழவனே. பால் தராது, உழவில்லாத மாதங்களில் காசும் தராது. அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் ஊர் ஊராக ஏர் அவிழ்கிறது.

அரசுக்கு எருது தெரியாத பிராணியா? 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிமுறைகளைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளத்தில் ஓர் எருது செத்தால் 32,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. செத்தால் விலை தெரிகிற மாடு உயிரோடு உழும்போது மட்டும் ஏன் திட்டத்தில் இல்லாமல் போகிறது? ராஜஸ்தான் அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில், ஒரு ஜோடி எருது வைத்து உழும் சிறு, குறு விவசாயிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று அறிவித்தது. வேளாண்மைக்கென்றே 2021 முதல் தனி நிதிநிலை அறிக்கை போடும் நம் மாநிலத்தால் அது ஏன் முடியாது?

2017இல் ஜல்லிக்கட்டுக்காகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபோது, நாட்டு மாட்டினம் பிழைக்க வேண்டும் என்பதைக் காரணமாகச் சொன்னோம். நானும் அந்தப் போராட்டத்தில் நின்றவன். 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. மகிழ்ச்சி. ஆனால் காங்கேயம் மாடு பேர் வாங்கியது வண்டியிலும் ஏரிலும் கிணற்றுநீர் இறைக்கும் கவலையிலும் உழைத்து. டெல்டாவின் சேற்றுழவுக்கென்றே வளர்ந்த இனம் உம்பளச்சேரி. மலைப்பகுதிக் கரட்டு நிலத்துக்குப் பர்கூர். வேலையைப் பிடுங்கிவிட்டு இனத்தை மட்டும் காப்பாற்றுவது எப்படி? பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி வந்திருக்கிறது; நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிக் கன்றாம். பால்காரருக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் காளைக்கன்றே பிறக்காமல் பார்த்துக்கொள்ளப் பணம் இருக்கும் நம் மாநிலத்தில், பிறந்த காளைக்கன்றை உழைக்கும் எருதாக வளர்ப்பவனுக்கு ஒரு ரூபாயும் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைச்சுமை அறிவேன். இயந்திரங்களுக்கான மானியத்தில் ஒரு காசைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. வாடகை டிராக்டர் வரட்டும், அறுவடை இயந்திரமும் வரட்டும். அவை நுழைய முடியாத துண்டு நிலங்களுக்கு எருது இருக்கட்டும்.

ஆகவே மீண்டும் வேண்டுகிறேன். அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையில் உழவு எருது ஜோடிக்கு ஆண்டு ஊக்கத்தொகை அறிவியுங்கள். ஜோடியில் ஒன்று இறந்தால் மற்றொன்று வாங்கக் கறவை மாட்டுக்குப் போலவே கடன் கிடைக்கச் செய்யுங்கள். எங்கள் ஏர்க்காரருக்கு இன்னும் உடம்பில் தெம்பு இருக்கிறது. ஆடிப் பட்டத்துக்கு முன் பணம் கைக்கு வருமென்றால், பழகிய ஜோடி ஒன்றைத் தேடிப் பிடிக்கிறேன் என்கிறார். தயவுசெய்து அதற்குள் ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி